‘வியர்ட்’ சகோதரிகள் விசித்திரமானவர்களா?

ஷேக்ஸ்பியரின் ‘மக்பெத்’ நாடகம் பற்றித் தமிழில் பேச்செடுத்தாலே “விசித்திரச் சகோதரிகள்” வந்துவிடுகிறார்கள். தளபதி மக்பெத்துக்கும் அவன் தோழன் பாங்க்வோவுக்கும் வருங்காலம் உரைக்கும் மூன்று பெண்கள் அவர்கள். ஆங்கிலத்தில் ‘வியர்ட் சிஸ்டர்ஸ்’. அண்மையில் ஒரு கல்லூரி மேடையில் பாங்க்வோவாக நடித்த பையன், “நேற்றிரவு அந்த விசித்திரச் சகோதரிகளைக் கனவில் கண்டேன்” என்றான். நல்ல குரல். ஆனால் அரங்கம் சிரித்தது. நெஞ்சு சில்லிட வேண்டிய இடம் அது. பையன் மேல் பிழையில்லை, எழுதிக் கொடுத்தவர் மேல்தான் எனக்கு வருத்தம்.

‘வியர்ட்’ பழைய ஆங்கிலப் பெயர்ச்சொல். பொருள்: விதி. ‘ஆதல்’ என்னும் பொருள்கொண்ட வினையின் உறவு. ஜெர்மன் ‘வேர்டன்’ அதன் உடன்பிறப்பு. ‘விநோதமான’ என்ற இன்றைய பொருள் 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. நாடகம் எழுதப்பட்டதோ 1606 வாக்கில். ஷேக்ஸ்பியர் கதை எடுத்த ஹாலின்ஷெட் வரலாற்று நூலே இவர்களை விதியின் தெய்வங்கள் என்று விளக்கிவிட்டது.

“அப்படியானால் சூனியக்காரிகள் என்போம்” என்பார்கள். இது முன்னதைவிட மேல். இதற்கு ஓர் அரசியல் நியாயமும் உண்டு. ஸ்காட்லாந்து மன்னர் ஜேம்ஸ், டென்மார்க் இளவரசியை மணந்து 1590இல் கடல்வழி திரும்பியபோது புயலில் சிக்கினார். சூனியக்காரிகள் ஏவிய புயல் என்று நம்பி, அக்னஸ் சாம்ப்சன் என்ற பெண்ணைத் தாமே விசாரித்தார், அவள் கொல்லப்பட்டாள். 1597இல் பேயியல் பற்றி நூலே எழுதினார். 1603இல் இங்கிலாந்தின் அரியணையும் அவருக்கு வந்தது. ஷேக்ஸ்பியரின் குழு ‘மன்னரின் குழு’ ஆனது. மறு ஆண்டே சூனியத்துக்கு எதிரான கடும் சட்டம். இந்த அரசர் பார்க்கும் நாடகத்தில் கொப்பரையும் தவளையும் வராமல் இருக்குமா?

ஆனால் அதே அரசருக்கு வேறொன்றும் தேவைப்பட்டது. ஜேம்ஸ் பிறந்த ஸ்டூவர்ட் மரபினர் பாங்க்வோவின் வழித்தோன்றல்கள் என்று நம்பப்பட்டது. ஹாலின்ஷெட்டில் மன்னன் டங்கனைக் கொல்லும் சதியில் பாங்க்வோவுக்கும் பங்குண்டு. நாடகத்தில் அவன் கறையற்றவன். அவன் வழியில் வரப்போகும் எட்டு மன்னர்களின் உருவங்கள் நான்காம் அங்கத்தில் வரிசையாகச் செல்கின்றன. ஜேம்ஸின் முடி ஊழால் வகுக்கப்பட்டது என்று மேடை சொல்கிறது. அதைச் சொல்லும் வாய் கூலிக்குச் சூனியம் வைக்கும் ஒருத்தியின் வாயாக இருந்தால் அந்த அரசுரிமைக்கு என்ன மதிப்பு? நம் ஊரில் சூனியக்காரி என்றால் காசு வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குத் தகடு புதைப்பவள்தான். அரச மரபுகளின் விதியை அறிந்தவள் அல்லள்.

நான் சொல்வது ‘ஊழ்மகளிர்’. ஊழ் என்பது முற்பிறவி வினைப்பயன், ஆங்கிலேயருக்கு அது ஏது என்று ஒரு நண்பர் மறுத்தார். மறுப்பில் உண்மை உண்டு. ஆனாலும் ஊழ், பால், முறை, தெய்வம், விதி எல்லாம் ஒருபொருட்சொற்கள் என்று பரிமேலழகரே எழுதுகிறார். அதைவிட, ஊழ்த்தல் என்றால் மலர்தல், முதிர்தல். “இணர்ஊழ்த்தும் நாறா மலர்” என்கிறது 650ஆம் குறள். ‘ஆதல்’ என்ற வேரிலிருந்து பிறந்து விதியைக் குறிக்கும் சொல்லுக்கு, மலர்தலும் விதியுமாக நிற்கும் நம் சொல்லைவிட நெருங்கியது எது? ‘விதிச் சகோதரிகள்’ பிழையில்லைதான். ஆனால் விதி இன்று சாலை விதி, விடுதி விதி என்று அலுவலக வாடை அடிக்கிறது.

அதே குறளின் ‘நாறா மலர்’ என்பதை ‘துர்நாற்றம் வீசாத பூ’ என்று ஒருவர் ஆங்கிலத்தில் பெயர்த்தால் நாம் சும்மா இருப்போமா? மணமற்ற பூ என்று சண்டைக்குப் போவோம். நம் பழஞ்சொல்லுக்குக் காட்டும் அக்கறையைப் பிறர் பழஞ்சொல்லுக்குக் காட்ட மறுக்கிறார்கள் நம் மொழிபெயர்ப்பாளர்கள். இன்றைய அகராதியில் முதலில் கிடைப்பதை எடுத்து ஒட்டிவிடுகிறார்கள்.

சூனியக்காரி என்ற சொல்லைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மூல நூலின் மேடைக் குறிப்புகளில் சூனியக்காரிகள் என்றுதான் இருக்கிறது, அங்கே இருக்கட்டும். மாலுமியின் மனைவி அவர்களில் ஒருத்தியைத் திட்டும்போதும் அதுவே வரட்டும். அவர்கள் கைகோத்துத் தங்களையே குறிப்பிடும்போதும், மக்பெத் மனைவிக்கு எழுதும் கடிதத்திலும், பாங்க்வோவின் கனவிலும் ஊழ்மகளிர் என்று எழுதுங்கள்.