காட்டில் செத்த பறவைக்கு யார் கணக்கு வைப்பது?

பண்ணையில் கோழிகள் செத்தால் காலையில் கூண்டைத் திறந்ததுமே தெரிந்துவிடும். நாகமலைப் பக்கத்து முள்காட்டில் ஒரு கவுதாரி காய்ச்சலில் செத்தால் யாருக்குத் தெரியும்? மறுநாளே நரியோ எறும்போ கதையை முடித்துவிடும்.

கவுதாரியின் வட அமெரிக்க உறவுக்காரரான சேஜ் க்ரவுஸ் விஷயத்தில் இதுதான் பெரிய தலைவலி. கனடாவில் அது அழியும் நிலையில் உள்ள இனம். 2003 கோடையில் வயோமிங், மொன்டானா, ஆல்பர்ட்டா பகுதிகளில் கொசு பரப்பும் வெஸ்ட் நைல் வைரஸ் அதைத் தாக்கியது. வறண்ட மேய்ச்சல் காட்டில் கொசு ஏது என்கிறீர்களா? வயோமிங் பக்கம் நிலக்கரிப் படுகையிலிருந்து மீத்தேன் எடுக்கும்போது வெளிவரும் நீரைக் குட்டைகளில் தேக்கினார்கள். க்யூலெக்ஸ் கொசுவுக்கு அது போதும்.

விஷயம் வெளியே வந்தது ரேடியோ பட்டையால். வேறு ஆய்வுக்காகப் பறவைகளின் கழுத்தில் கட்டியிருந்த கருவி அது. பல மணி நேரம் அசைவில்லை என்றால் அதன் துடிப்பு வேகம் மாறும். உடனே ஓடிப்போய் உடலை எடுக்க வேண்டும். வெயிலில் அழுகிவிட்டால் திசுவில் வைரஸைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

சரி, உயிரோடு இருப்பவற்றின் ரத்தத்தைப் பார்த்தால் போதாதா? பார்க்கிறார்கள். தட்டில் வளர்த்த செல் படலத்தில் வைரஸை விட்டால், தோசையில் விழுவதுபோல ஓட்டைகள் விழும். பறவையின் சீரத்தை, அதாவது ரத்தத்திலிருந்து பிரித்த தெளிந்த நீரை, முதலில் வைரஸோடு கலந்துவிட்டால், நோய் வந்து போனதால் உருவான எதிர்ப்புப் புரதம் அதில் இருக்கும் பட்சத்தில் ஓட்டைகள் குறையும். ஆனால் ஒன்றிலும் எதிர்ப்புப் புரதம் இல்லையென்றால் நோயே வரவில்லை என்று நிம்மதியடைய முடியாது. வந்தவை எல்லாம் செத்தும் இருக்கலாம். சோதனைக்கூடத்தில் வைரஸ் செலுத்திய சேஜ் க்ரவுஸ்கள் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

இதே சோதனையை நம்மூர்க் கவுதாரிக்குச் செய்தால் இன்னொரு சிக்கல் வரும். வயல் கொசுக்கள் பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் வெஸ்ட் நைலுக்குப் பங்காளி. மதுரையிலேயே அந்தக் கொசுக்களை ஆராய ஒரு மத்திய அரசு மையம் இயங்கியது. ஒன்றுக்கு உருவான எதிர்ப்புப் புரதம் மற்றதையும் ஓரளவு தடுக்கும். அதனால் ஒரே சீரத்தை இரண்டு வைரஸோடும் தனித்தனியாகக் கலந்து, மேலும் மேலும் நீர்த்துப் பார்க்க வேண்டும். ஒன்றைத் தடுக்கும் திறன் நான்கு மடங்காவது அதிகம் இருந்தால்தான் அந்த வைரஸின் பெயரைச் சொல்வார்கள்.