‘கட்டாயம் வாருங்கோ’ என்று எழுதினால் எஸ்எம்எஸ்ஸுக்கு ஏன் இரண்டு மடங்கு காசு?

போன மாதம் கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் பக்கத்து வீட்டு மாமி போனைத் தூக்கிக்கொண்டு வந்தார். காலமான மாமாவின் அந்தியேட்டிக் கிரியைக்கு யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் இருக்கிற வயதான சொந்தக்காரர்களுக்குச் சொல்ல வேண்டும், அவர்களில் பலரிடம் வாட்ஸ்அப் இல்லை, அதனால் எஸ்எம்எஸ். பத்துப் பேருக்கு அனுப்பியதும் ரீலோட் போட்ட காசில் இருபது மெசேஜுக்கான காசு போய்விட்டது. “தம்பி, நான் ஒருக்கா தானே அனுப்பினனான்?” என்று கேட்டார்.

அவர் எழுதியது இதுதான்: “அந்தியேட்டி ஞாயிறு காலை 10 மணி, வெள்ளவத்தை வீட்டில். மதியம் சாப்பாடு. கட்டாயம் வாருங்கோ.”

சின்ன மெசேஜ்தான். ஆனால் போன் அதை எண்ணுகிற விதம் வேறு. ஓர் எஸ்எம்எஸ்ஸுக்குள் 140 பைட்தான் கொள்ளும். ஒரு பைட் என்பது எட்டு பிட், பிட் என்பது 0 அல்லது 1 என்கிற மிகச் சின்னத் தகவல் துண்டு. அதாவது 1,120 பிட். எஸ்எம்எஸ் போவது நாம் கதைக்கிற வழியால் அல்ல, போனும் டவரும் தங்களுக்குள் ‘அழைப்பு வருது’, ‘நான் இந்த இடத்தில் இருக்கிறேன்’ என்று தகவல் பரிமாறிக்கொள்கிற சிக்னல் வழியால். அந்தச் சின்னப் பொதிக்குள் அடங்க வேண்டும் என்பதால்தான் இந்த எல்லை. ஆங்கில எழுத்து ஒன்றுக்கு 7 பிட் போதும் என்று, கைத்தொலைபேசிகளுக்கான ஜிஎஸ்எம் தரத்தை வகுத்தவர்கள் முடிவு செய்தார்கள். 1,120ஐ ஏழால் பிரித்தால் 160. 1985இல் அவர்களில் ஒருவரான ஜெர்மனியின் ஃபிரீட்ஹெல்ம் ஹில்லெபிராண்ட் டைப்ரைட்டரில் வசனங்களை அடித்து எண்ணிப் பார்த்து, 160 எழுத்து ஒரு செய்திக்குப் போதும் என்று கண்டார். அவர் எண்ணிய வசனங்களில் தமிழ் இல்லை.

அந்த 7 பிட் எழுத்து அட்டவணையில் தமிழுக்கு இடம் இல்லாததால், தமிழ் மெசேஜ், உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் கொடுக்கிற யூனிகோட் முறையில், எழுத்துக்கு 16 பிட் எடுத்துக்கொண்டு போகிறது. 1,120ஐ 16ஆல் பிரித்தால் 70. சிங்களத்துக்கும் இதே 70தான். ஆங்கில மெசேஜ் ஒன்றின் நடுவில் ஒரேயொரு ‘அ’ வந்தாலும், ஏன், ஒரு ஸ்மைலி படம் வந்தாலும்கூட, முழு மெசேஜும் 16 பிட்டுக்கு மாறிவிடும். மாமியின் போனில் மூலையில் எண்ணிக்கை தெரியும். ஆங்கிலத்தில் ‘a’ அடித்தால் 159 என்று காட்டும், அதை அழித்துவிட்டு ‘அ’ அடித்தால் 69.

அதோடு முடியவில்லை. நாம் ஓரெழுத்து என்று நினைப்பதை யூனிகோட் அப்படி எண்ணாது. ‘கொழும்பு’ நமக்கு நாலு எழுத்து. போனுக்கு எட்டு: க, ஒகரக் குறி, ழ, உகரக் குறி, ம, புள்ளி, ப, மறுபடி உகரக் குறி. மெய்க்குப் போடுகிற புள்ளிக்கும் முழுசாக 16 பிட் போகிறது. மாமியின் மெசேஜை இப்படி எண்ணினால் 88. 70ஐத் தாண்டியதால் இரண்டாக உடைகிறது. உடைந்ததும் ‘நான் முதல் துண்டு, நான் இரண்டாவது’ என்று சொல்கிற 6 பைட் தலைப்பு ஒவ்வொரு துண்டிலும் ஏறும், ஆகவே துண்டுக்கு 67தான் மிச்சம். வாங்குகிறவர் போன் இரண்டையும் ஒட்டி ஒன்றாகக் காட்டிவிடும், ஆனால் காசு இரண்டு துண்டுக்கும்.

அந்தக் காசு போவது அனுப்புகிறவரிடமிருந்துதான். நம் மெசேஜ் முதலில் நம் கம்பனியின் எஸ்எம்எஸ் மையத்துக்குப் போய்க் காத்திருக்கும், அங்கிருந்து அடுத்தவர் போனைத் தேடிப் போகும். சென்னைக்குப் போய் ரோமிங்கில் நின்று பக்கத்துக் கட்டிலில் இருக்கிறவருக்கு அனுப்பினாலும் அது இலங்கையில் உள்ள அந்த மையத்துக்கு வந்துதான் திரும்பும். நம் ஊரில் வாங்குகிறவருக்குச் செலவில்லை, அமெரிக்காவிலோ வாங்குகிறவரிடமும் அறவிட்டார்கள். 2008இல் அங்கே பெரிய கம்பனிகள் ஒரு மெசேஜுக்கு 20 சதம் எடுத்தபோது, செனட்டர் ஹெர்ப் கோல் ஏன் என்று கேட்டுக் கடிதமே எழுதினார்.

எனக்குக் கோபம் வருகிற இடம் இது: தமிழுக்கென்றே ஒரு 7 பிட் அட்டவணை ஜிஎஸ்எம் தரத்தில் எழுதப்பட்டிருக்கிறது. அதில் அனுப்பினால் ஒரு மெசேஜில் 150க்கு மேல் கொள்ளும், மாமியின் 88 சும்மா அடங்கிவிடும். ஆனால் அனுப்புகிற போன், வாங்குகிற போன் இரண்டுமே அதை அறிந்திருக்க வேண்டும். அறியாத போனில் வாசிக்க முடியாதபடி வரும். நம் மொழியில் எழுதுவதற்கு நாம் கூடக் காசு கொடுக்கக் கூடாது, போன் செய்கிறவர்கள் இதைப் போட்டுத்தான் விற்க வேண்டும்.

சரி, மாமிக்கு இன்னும் முப்பது பேர் மிச்சம். கடைசி இரண்டு சொல்லையும் எடுத்தால் 69, ஒரு மெசேஜ்தான் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. “கட்டாயம் வாருங்கோ எண்டு சொல்லாமல் எப்படி? சாப்பாடு இருக்கும் எண்டு எல்லாருக்கும் தெரியும்தானே, அதை எடு.” எடுத்தேன், 71. ஒன்று கூடிவிட்டது. கடைசியில் இருந்த முற்றுப்புள்ளியை அழித்தேன், 70. மாமி வாங்கி அனுப்பத் தொடங்கினார்.