கண்ணில்லாத எட்டுக்காலிக்கு ஒரு பெயர்

இடது காலில் 11. வலது காலில் 12. மறுபடியும் எண்ணினேன், அதே கணக்குதான். ஹார்வெஸ்ட்மேன் என்கிற எட்டுக்காலியின் பாதத்தில் உள்ள கணுக்களைச் சொல்கிறேன். உயிரினங்களை இனம் பிரித்துப் பெயர் வைக்கும் இந்தத் துறைக்கு நான் வந்த புதிது. வலது காலை மட்டும் எண்ணிவிட்டு, பழைய நூலில் இருந்த எண்ணோடு ஒத்துவரவில்லை என்றதும் புது இனம் கிடைத்துவிட்டதாகக் குதித்தேன். நோட்டில் ஒரு பெயர்கூட எழுதி வைத்தாயிற்று. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் மைக்ரோஸ்கோப்பில் எட்டிப் பார்த்துவிட்டு, "அந்தப் பக்கமும் ஒரு கால் இருக்கே, எண்ணினியா?" என்று மட்டும் கேட்டார். எண்ணாமல் விட்டிருந்தால் ஒரே பூச்சி வலப்பக்கம் ஓர் இனமாகவும் இடப்பக்கம் வேறோர் இனமாகவும் ஆகியிருக்கும்.

இந்தத் தவறில் எனக்குப் பெரிய இடத்துத் துணை உண்டு. ஜெர்மனியின் கார்ல் ஃப்ரீட்ரிக் ரோவர் (1881–1963) தனி ஆளாக 2,000-க்கும் மேற்பட்ட ஹார்வெஸ்ட்மேன் இனங்களுக்குப் பெயர் வைத்தவர். இன்று உலகம் முழுக்க அறியப்பட்டவையே 6,700 சொச்சம்தான். உழைப்பில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கணு எத்தனை, முதுகில் முள் உண்டா என்று சில அடையாளங்களை மட்டும் நம்பிப் பேரினங்களை, அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதிகளை, பிரித்தார். ஃப்ராங்க்ஃபர்ட்டின் சென்கன்பெர்க் அருங்காட்சியகத்தில் இருக்கும் அவருடைய மாதிரிகளைப் பின்னால் வந்தவர்கள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, பல பெயர்களை ரத்து செய்து முடிச்சவிழ்க்க வேண்டியதாயிற்று. அந்த வேலை இன்னும் ஓய்ந்தபாடில்லை.

வாட்ஸ்அப்பில் எனக்கு வரும் ஹார்வெஸ்ட்மேன் படங்களில் பாதிக்கு மேல் "விஷச் சிலந்தியா சார்?" என்ற கேள்வியோடு வருகின்றன. இது சிலந்தியே இல்லை. சிலந்திக்கு இடுப்பு ஒடுங்கி உடல் இரண்டு துண்டாகத் தெரியும். இதற்கு இடுப்பே கிடையாது, ஒரே உருண்டைதான். நூல் நூற்கத் தெரியாது, விஷச் சுரப்பியும் இல்லை. "உலகத்திலேயே கொடிய விஷம், பல் சின்னதாக இருப்பதால் தப்பித்தோம்" என்று சுற்றும் செய்தி முழுப் பொய். மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் ஈரப் பாறையிடுக்கில் மயிர்க்கொத்துப் போலக் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கிட்டப் போனால் மொத்தக் கூட்டமும் மேலும் கீழுமாக ஆடும். பயமுறுத்த அதனிடம் இருப்பது அந்த ஆட்டமும், சீண்டினால் விடும் ஒரு வாடையும்தான். காலைப் பிடித்துத் தூக்காதீர்கள், கழற்றிவிட்டு ஓடிவிடும். சிலந்திக்குப் போல அந்தக் கால் திரும்ப முளைக்காது.

"புது இனம் கண்டுபிடிப்பு" என்று நாளிதழில் ஒருநாள் செய்தியாக வருவது, எங்கள் மேசையில் பல ஆண்டு வேலை. பிரேசிலின் மினாஸ் ஜெராய்ஸ் மாநிலத்தில் மொன்ஜோலோஸ் என்ற ஊரை ஒட்டி டோகா டோ ஜெரால்டோ என்றொரு குகை. அங்கே கிடைத்த வெளிர்மஞ்சள் ஹார்வெஸ்ட்மேனுக்கு 2015-ல் இயாந்துமொயேமா ஸ்மீகல் என்று மூன்று ஆய்வாளர்கள் பெயர் வைத்தார்கள். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீனின் கதையில் குகை இருட்டில் கிடந்து வெளிறிப்போன ஆசாமியின் பெயர் அது. செய்திக்காரர்களுக்குப் பெயர் போதுமானதாக இருந்தது. எனக்குப் பிடித்தது அந்தக் கட்டுரையின் சலிப்பூட்டும் பகுதி. அதே பேரினத்தில் முன்பே தெரிந்த இரண்டு இனங்களிலிருந்து இது நான்கு வகையில் வேறுபடுகிறது என்று காட்டியிருந்தார்கள். கண் அறவே இல்லாதது ஒன்று. முதுகுக் கேடயத்தில் எடுப்பாகத் தெரியும் புடைப்புகள், நான்காம் காலின் தொடையில் பெரிதான ஒரு முள் என்று மேலும் இரண்டு. நான்காவது, ஆணின் உறுப்பில் உள்ள மெல்லிய ஒரு நீட்சி.

இந்த நான்காவதைக் கேட்டதும் வகுப்பில் பிள்ளைகள் சிரிப்பார்கள். எங்களுக்கு அதுதான் கைரேகை. வெளித்தோற்றத்தில் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும் இரண்டு இனங்கள் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். அது உடலுக்குள் மடங்கிக் கிடக்கும், பல இனங்களில் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஊசி முனையால் வயிற்றுப்புறத்து மூடியை நெம்பி, கிழியாமல் வெளியே இழுக்க வேண்டும். பிறகு சூடான லாக்டிக் அமிலத்தில் சற்றுப் போட்டுத் தண்ணீருக்கு மாற்றினால், சுருங்கிய நுனி மெல்ல உப்பி விரியும். அந்த நேரம் யாராவது கதவைத் திறந்தால்கூடக் கோபம் வரும். நான் ஒருமுறை தும்மி, வைத்திருந்த ஒரே ஆணின் நுனியை மேசைக்கும் தரைக்கும் நடுவில் எங்கோ தொலைத்தேன். இரண்டு மணி நேரம் டார்ச்சோடு தரையில் ஊர்ந்தும் கிடைக்கவில்லை.

இத்தனை பாடு எதற்கு என்றால், ஸ்மீகல் வாழும் குகை பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் இல்லை, சுற்றிலும் மனித நடமாட்டத்தின் சேதம் இருக்கிறது. பிரேசிலில் 2008-ல் வந்த அரசாணை குகைகளை நான்கு தரமாகப் பிரிக்கிறது. அரிய குகைவாழ் உயிரினம் இருப்பதாகக் காட்டினால் குகை முதல் தரத்துக்குப் போகும், அதை அழிக்க அனுமதி இல்லை. 2022-ல் அரசு இதைத் தளர்த்தப் பார்த்தபோது, உச்ச நீதிமன்றம் குறுக்கிட்டு முக்கியமான பகுதிகளை நிறுத்தி வைத்தது. இப்படிப்பட்ட வழக்கில் போய் "வெளிறிய ஏதோ ஒரு எட்டுக்காலி இருக்கிறது ஐயா" என்று சொல்லிப் பயனில்லை. பெயர், விவரணை, ஹோலோடைப் (பெயர் வைக்க அடிப்படையாக எடுத்துக்கொண்ட ஒற்றை மாதிரி) எந்த அருங்காட்சியகத்தில் எந்த எண்ணில் இருக்கிறது என்ற விவரம் எல்லாம் வேண்டும். அந்தப் பூச்சி தன் குகைக்காகக் காட்டக்கூடிய பட்டா அதுதான்.

அதனால் காட்டுக்குப் போகிறவர்களிடம் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது ஒன்று. பூச்சியைப் பிடித்துக்கொண்டு வர வேண்டாம். அனுமதியில்லாமல் பிடிப்பது பல இடங்களில் குற்றமும்கூட. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று எனப் படம் எடுங்கள், ஃபோனில் லொகேஷனை ஆன் செய்துகொண்டு எடுங்கள். தேதி, உயரம், பாறையா மரப்பட்டையா சருகா என்று ஒரு வரி எழுதுங்கள். படத்தை வைத்து இனம் சொல்வது பெரும்பாலும் முடியாது. ஆனால் எங்கே போய்த் தேட வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

என் அலமாரியில் யாரோ எப்போதோ கொடுத்த ஒரு குப்பி இருக்கிறது. உள்ளே நான்கு ஹார்வெஸ்ட்மேன், அதில் இரண்டு ஆண். எனக்குத் தெரிந்த எந்தப் பேரினத்திலும் அவை சரியாக உட்காரவில்லை. பென்சிலில் எழுதிய லேபிள் மங்காமல் தெளிவாக இருக்கிறது: "மழைக்காடு, ஓடைக்கரை." எந்த மலை, எந்த ஓடை, எந்த வருடம் என்று எதுவும் இல்லை. ஆல்கஹால் வற்றும்போதெல்லாம் புதிதாக ஊற்றி, மூடியை இறுக்கி, திரும்ப அதே இடத்தில் வைக்கிறேன்.