பதவிப் பிரமாணம் எடுத்தாச்சு சரி, தாக்கல் செய்தீர்களா?

நியூயார்க் மாநிலத்தில் உள்ளாட்சி அமைப்புகளுக்குச் சட்ட ஆலோசனை சொல்வதுதான் என் தொழில். நம்மவர்களும் இப்போது டவுன் போர்டு, பிளானிங் போர்டு (கட்டடத் திட்டங்களைப் பரிசீலிக்கும் குழு), பள்ளி போர்டு, நூலக டிரஸ்டி என்று பொறுப்புகளுக்கு வருகிறார்கள். ஜெயித்ததும் குடும்பத்தோடு போய்க் கையை உயர்த்திப் பிரமாணம் எடுத்து, படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். அந்தப் படத்துக்குச் சட்டத்தில் மதிப்பே கிடையாது.

இங்கே பொது அதிகாரிகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. அதன் 10-ஆவது பிரிவின்படி, பதவிக்குரிய எந்த வேலையையும் தொடங்குவதற்கு முன்பே பிரமாணம் எடுத்து, கையெழுத்திட்ட படிவத்தைத் தாக்கல் செய்துவிட வேண்டும், பெரும்பாலும் உங்கள் ஊர் கிளார்க்கிடம், அதாவது ஊரின் ஆவணங்களைப் பராமரிக்கும் அதிகாரியிடம். சரி, செய்யாவிட்டால்? 30-ஆவது பிரிவு அங்கேதான் வந்து நிற்கிறது. பதவிக்காலம் தொடங்கி 30 நாளுக்குள், நியமனப் பதவி என்றால் நியமன அறிவிப்பு கிடைத்தோ பதவிக்காலம் தொடங்கியோ 30 நாளுக்குள், படிவம் போய்ச் சேரவில்லை என்றால் அந்தப் பதவி காலி. யாரும் நோட்டீஸ் தர வேண்டியதில்லை, விசாரணையும் தீர்ப்பும் தேவையில்லை, தானாகவே காலியாகிவிடும். லாங் பீச் நகரம் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் மாநிலத்தின் உச்ச நீதிமன்றமான கோர்ட் ஆஃப் அப்பீல்ஸ் 1941-லேயே இதைச் சொல்லிவிட்டது. "எனக்குத் தெரியாது", "கிளார்க் சொல்லவில்லை" என்பதெல்லாம் எடுபடாது.

பதவிக்காலத்தின் முதல் நாள் எது என்பது பதவிக்குப் பதவி மாறும். டவுன் பதவிகளுக்கு ஜனவரி 1, பள்ளி போர்டுக்கு ஜூலை 1, மார்ச்சில் தேர்தல் நடக்கும் வில்லேஜ்களுக்கு ஏப்ரல் முதல் திங்கள். முன்கூட்டியே எடுத்துத் தாக்கல் செய்வதற்கும் தடையில்லை, நான் அதைத்தான் சொல்வேன்.

அதிகம் பேர் மாட்டுவது மறுநியமனத்தில்தான். பிளானிங் போர்டில் பல வருஷமாக இருப்பவரை மறுபடி நியமிக்கிறார்கள், அவரோ "நான்தான் முதல் தடவையே எடுத்துவிட்டேனே" என்று இருந்துவிடுகிறார். ஒவ்வொரு புதிய பதவிக்காலத்துக்கும் புதிய பிரமாணம், புதிய படிவம். துணை கிளார்க் மாதிரி துணைப் பதவிகளுக்கும் இதே கதைதான். நூலக டிரஸ்டிகள் மட்டும் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும்: பொது நூலகம், பள்ளி மாவட்ட நூலகம் என்றால் பிரமாணம் கட்டாயம், சங்கமாக நடக்கும் நூலகம் என்றால் தேவையில்லை.

திருக்குறள் மேல் கை வைத்து எடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக எடுங்கள், எந்தப் புத்தகமும் இல்லாமலும் எடுக்கலாம், ஆணையிட மனமில்லை என்றால் 'உறுதி கூறுகிறேன்' என்று சொன்னாலே போதும். மாநில அரசியலமைப்பில் உள்ள வாசகம் மட்டும் மாறக்கூடாது. நோட்டரி முன்பாகவோ, படிவம் தாக்கலாகும் அலுவலகத்தின் கிளார்க் முன்பாகவோ எடுத்துக்கொள்ளலாம், நீதிபதியைத் தேடி ஓட வேண்டியதில்லை.

கட்டட அனுமதி மறுக்கப்பட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் கேட்கக்கூடிய காகிதங்களில் உறுப்பினர்களின் பிரமாணப் படிவமும் ஒன்று. ஆனால் ஒருவர் படிவம் தரவில்லை என்பதற்காக அவர் அதுவரை போட்ட ஓட்டெல்லாம் செல்லாமல் போய்விடாது, முறையாகத் தேர்வானவரின் செயல்களை அதே சட்டத்தின் 15-ஆவது பிரிவு காப்பாற்றுகிறது. போவது அவருடைய நாற்காலிதான்.

கெடு தாண்டிவிட்டதா? நியமனப் பதவி என்றால் போர்டு அதே ஆளை மறுபடி நியமிக்கலாம், அவர் இந்த முறையாவது படிவத்தைக் கொடுத்தால் சரி. தேர்தலில் ஜெயித்தவர் பாடுதான் கஷ்டம்: காலியான இடத்துக்கு போர்டு அவரையே நியமிக்க வழி உண்டு, ஆனால் அது அடுத்த தேர்தல்வரைக்கும்தான், அதுவும் போர்டில் பெரும்பான்மை அவருக்குச் சாதகமாக இருந்தால். அதனால் படிவம் கொடுக்கும்போதே கிளார்க்கிடம் தேதி முத்திரை போட்ட ஒரு நகலைக் கேட்டு வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.