உதவித்தொகைக் கடிதத்தின் இரண்டாம் பக்கம்

ஒரு அப்பாவும் மகளும் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். மேசையில் இரண்டு கடிதங்கள். ஒன்று, பெயரைச் சொன்னாலே எல்லோருக்கும் தெரிகிற பல்கலைக்கழகம். கடன் வாங்கித்தான் படிக்க வேண்டும். மற்றது, அவ்வளவாக யாரும் கேள்விப்படாத கல்லூரி. கட்டணம் முழுவதும் தள்ளுபடி. மகளுக்கு வேதியியல் ஆராய்ச்சியில் ஆசை. அப்பா கேட்டார்: "பணத்தைப் பார்த்து இவ எதிர்காலத்தைக் கெடுத்துடுவேனோ சார்?"

அந்தப் பயம் நியாயமானதுதான். ஆனால் ஆராய்ச்சிக்குப் போகிற பிள்ளைக்கு இளநிலைப் பட்டம் முதல் படி மட்டுமே. அடுத்து முனைவர் பட்டம் இருக்கிறது. அமெரிக்கா போன்ற நாடுகளில் அறிவியல் முனைவர் படிப்புக்குப் பெரும்பாலும் கட்டணமும் கிடையாது, மாதாமாதம் உதவித்தொகையும் உண்டு. அங்கே இடம் கிடைப்பதில் கல்லூரியின் பெயருக்கும் பங்கு உண்டு. ஆனாலும் ஆய்வகத்தில் நீ என்ன செய்தாய், கூட இருந்து பார்த்த பேராசிரியர் உன்னைப் பற்றி என்ன எழுதுகிறார் என்பதற்கு எடை அதிகம். வெங்கி ராமகிருஷ்ணன் 1971இல் பரோடாவில் இயற்பியல் பட்டம் வாங்கினார், முனைவர் பட்டம் ஒஹையோ பல்கலைக்கழகத்தில். 2009இல் வேதியியல் நோபல். 1989இல் அதே பரிசைப் பெற்ற தாமஸ் செக் படித்தது கிரின்னெல் என்ற சின்னக் கல்லூரியில்.

கடன்தான் எனக்குப் பெரிய கவலை. ஆராய்ச்சி மாணவருக்குக் கிடைப்பது செலவுக்குச் சரியாக இருக்கும். கடன் அடைக்கப் போதாது. ஆசையோடு அறிவியலுக்கு வந்த பிள்ளைகள், தவணைக்குப் பயந்து, கிடைத்த வேலையில் சேர்ந்து ஆராய்ச்சியை விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

அதற்காக, தள்ளுபடி என்றதும் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். அந்தப் பெண்ணின் கடிதத்தைப் புரட்டினோம். இரண்டாம் பக்கத்தில், சின்ன எழுத்தில்: ஒவ்வொரு பருவத்திலும் மதிப்பெண் சராசரி 4க்கு 3.5 இருந்தால்தான் உதவித்தொகை தொடரும். பள்ளியில் முதலிடம் வாங்கியவர்களுக்கே முதலாண்டுக் கணிதமும் வேதியியலும் சறுக்கும். ஒரு பருவம் குறைந்தால் மீட்க வழி உண்டா? பாடப்பிரிவை மாற்றினால் தொகை நின்றுவிடுமா? விடுதிச் செலவு யாருடையது? எந்த ஆண்டிலிருந்து ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்வார்கள்? எழுத்தில் பதில் வாங்குங்கள்.

பெரிய பெயருள்ள இடத்தையும் கேட்காமல் தள்ளிவிட வேண்டாம். அமெரிக்காவில் ஐவி லீக் என்று சொல்லப்படும், ஹார்வர்டு, யேல் உள்ளிட்ட எட்டுப் பல்கலைக்கழகங்களும் மதிப்பெண்ணுக்காக உதவித்தொகை தருவதில்லை. குடும்ப வருமானத்தைப் பார்த்துத் தருகின்றன. வருமானம் குறைந்த வீட்டுக்குச் சில சமயம் அதுவே மலிவாக முடியும்.

அந்தப் பெண் என் அறையிலேயே உட்கார்ந்து இரண்டு இடத்துக்கும் மின்னஞ்சல் எழுதினாள். பல்கலைக்கழகம் உதவ முடியாது என்றது. கல்லூரியிலிருந்து நான்காம் நாள் பதில் வந்தது: மதிப்பெண் குறைந்தால் அடுத்த பருவம் வரை அவகாசம் உண்டு, இரண்டாம் ஆண்டிலிருந்து ஆய்வகம். அதைப் படித்த பிறகுதான் அப்பா பேனாவை எடுத்தார்.