கைரோபிராக்டிக்: 'உடலியக்க சிகிச்சை' என்னும் குழப்பம்

"உடலியக்க சிகிச்சைக்குப் பிறகு புண் ஏற்படுவது இயல்பே." முதுகு, கழுத்து மூட்டுகளைக் கையால் வேகமாகத் தள்ளி அசைக்கும் கைரோபிராக்டிக் பற்றித் தமிழில் தேடினால் இந்த ரீதியில் ஒரு வாக்கியமாவது கண்ணில் படாமல் போகாது. முதுகுவலிக்காரர் இதைப் படித்து என்ன புரிந்துகொள்வார்? ஏதோ உடற்பயிற்சி செய்யச் சொல்வார்கள், அதில் தோல் உரிந்து புண் வரும் என்றுதான். அங்கே பயிற்சி முதன்மையும் அல்ல, புண் வருவதும் இல்லை. ஆறே சொல்லில் இரண்டு தப்பு.

சொல்லின் பிறப்பில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. கிரேக்கத்தில் 'கெய்ர்' என்றால் கை, 'பிராக்டிகோஸ்' என்றால் செயல் சார்ந்தது. கையால் செய்வது, அவ்வளவுதான். 1895 செப்டம்பரில் அமெரிக்காவின் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில், டேனியல் டேவிட் பால்மர் என்பவர் ஹார்வி லில்லார்ட் என்ற துப்புரவுப் பணியாளரின் முதுகெலும்பை அழுத்தினார். மந்தமாக இருந்த அவர் காது கேட்கத் தொடங்கியது என்றார். (செவிநரம்பு மூளையிலிருந்து நேரே காதுக்குப் போவது, முதுகெலும்பு வழியாகப் போவதே இல்லை. அது கிடக்கட்டும்.) பெயரைப் பொறுக்கித் தந்தவர் பால்மரின் நண்பரான சாமுவேல் வீட் என்ற பாதிரியார்.

கிரேக்கச் சொல்லின் முதலெழுத்து ககர ஒலி. அதை ஆங்கில எழுத்தைப் பார்த்து 'சிரோபிராக்டிக்' என்று எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 'சிர' என்றதும் தமிழ்க் காதுக்குச் சிரம், சிரசு நினைவுக்கு வரும். முதுகுக்கான சிகிச்சை தலைக்கு ஏறிவிடும். எதிர்க்கோடியில் இன்னொரு கூட்டம்: "கைரோ என்பதில் கை இருக்கிறது பாருங்கள், இது தமிழ்ச் சொல்லே" என்று குதிக்கும். கிரேக்கச் சொல்லின் முதலில் இருப்பது 'கெய்' என்ற மூச்சொலி. நம் 'கை' திராவிட வேர். ஒலி ஒத்துப்போவது தற்செயல். மனப்பாடம் செய்ய வசதியான தற்செயல் என்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம்.

இனி வழக்குக்கு வருவோம். 'உடலியக்க சிகிச்சை' எங்கிருந்து முளைத்தது? இயந்திர மொழிபெயர்ப்பு அதைத் தருகிறது, எழுதுகிறவர் அப்படியே எடுத்து ஒட்டுகிறார். ஆனால் தமிழில் 'உடலியக்கம்' ஏற்கெனவே வேலை பார்த்துக்கொண்டிருக்கும் சொல். இதயம் துடிப்பது, நுரையீரல் விரிவது, சிறுநீரகம் வடிகட்டுவது எல்லாம் உடலியக்கம். அந்தத் துறைக்கே உடலியங்கியல் என்று பெயர் வைத்துப் பாடநூல்கள் எழுதியாயிற்று. போதாக்குறைக்கு, பிசியோதெரபிக்கும் சிலர் 'உடலியக்க மருத்துவம்' என்கிறார்கள். இயன்முறை மருத்துவம் என்ற நல்ல சொல் நிலைபெற்ற பிறகும் இது ஓயவில்லை. ஆக ஒரே சொல்லுக்குள் மூன்று துறைகள். மருத்துவர் பிசியோதெரபிக்கு எழுதிக் கொடுத்த தாளோடு கைரோபிராக்டரிடம் போய் நிற்பவருக்கும், கழுத்தில் யாரும் கை வைக்கக் கூடாது என்று எச்சரிக்கப்பட்டவர் 'ஏதோ உடலியக்கம்தானே' என்று போய்ப் படுப்பதற்கும் இந்தச் சொல் வழிவிடுகிறது. சொல்லில் மூட்டும் இல்லை, முதுகும் இல்லை, கையும் இல்லை. எதையும் சுட்டாத சொல்லுக்கு ஒரே லாபம், யாரும் அதைத் தவறென்று நிரூபிக்க முடியாது.

'தண்டுவட சிகிச்சை' அதைவிட மோசம், ஏனென்றால் இது தெளிவாகவே தவறு. தண்டுவடம் என்பது முள்ளெலும்புகளின் துளை வழியே மூளையிலிருந்து இறங்கும் நரம்புத் திரள். முதுகுத்தண்டு என்பது அதைச் சுற்றியிருக்கும் எலும்புக் கோவை. கைரோபிராக்டர் தொடுவது எலும்புக் கோவையின் மூட்டுகளை. தண்டுவடத்தில் கை வைக்கிறவர் நரம்பு அறுவை மருத்துவர் ஒருவர்தான், அதுவும் எலும்பைத் திறந்த பிறகு.

அடுத்தது காணொளிக்காரர்கள் கொடுத்த 'எலும்பு முறிக்கும் வைத்தியம்'. ஆங்கிலத்தின் 'கிராக்' உடைவதையும் குறிக்கும், சடக்கென்ற ஒலியையும் குறிக்கும். தமிழில் முறி என்றால் முறிவு. மாவுக்கட்டு போட வேண்டிய சங்கதி. 'நெட்டி முறித்தல்' என்ற தொடரில் மட்டும்தான் அது ஒலியைக் குறிக்கிறது. எனவே நெட்டி என்ற சொல்லை விட்டுவிட்டு முறித்தலை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. எலும்பு தேய்ந்து மெலிந்தவருக்கு வேகமாக அழுத்தினால் எலும்பு உண்மையிலேயே முறியலாம் என்பதால் இந்தச் சொல்லோடு விளையாடுவது வேடிக்கையும் அல்ல.

'கையேடு சிகிச்சை' என்றும் கண்டிருக்கலாம். மேனுவல் என்பதற்கு அகராதியில் முதலில் நிற்கும் பொருளை எடுத்துப் போட்டதன் விளைவு. கையேடு புத்தகம், அதை வைத்து முதுகில் அடித்தால்தான் இந்தப் பெயர் பொருந்தும்.

சரி, நடப்பது என்ன? கீழ்முதுகு வலிக்கு வழக்கமாகச் செய்வதை எடுத்துக்கொள்வோம். நோயாளி ஒருக்களித்துப் படுப்பார். மேலிருக்கும் காலை முழங்காலில் மடக்கி முன்னே விடுவார்கள். சிகிச்சையாளரின் ஒரு கை தோளை அசையாமல் பிடித்துக்கொள்ளும். மறு கை அல்லது முன்கை இடுப்பிலோ குறிப்பிட்ட முள்ளெலும்பின் பக்கத்திலோ பதியும். மெல்லத் திருப்பி, மூட்டு இதற்குமேல் தானாகப் போகாது என்ற இடத்தில் நிறுத்துவார். மூச்சை விடச் சொல்வார். அப்போது ஒரே ஒரு குறுந்தள்ளல்: வேகம் மிகுதி, போகும் தூரம் மிகச் சிறிது. நொடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்கூட ஆகாது. மூட்டைத் தாங்கும் தசை விழித்துக்கொண்டு இறுகுவதற்குள் அது முடிந்துவிட வேண்டும் என்பதே வேகத்தின் காரணம். நோயாளி மூச்சைப் பிடித்து விறைத்துக்கொண்டால் தள்ளல் தசையில் பட்டு வீணாகும், மறுநாள் வலியும் கூடும்.

அந்த 'சடக்' எலும்போடு எலும்பு உரசும் ஒலி அல்ல. மூட்டுக்குள் இருக்கும் வழவழப்பான நீரில் வாயு கரைந்திருக்கிறது. மூட்டுப் பரப்புகள் திடீரென விலகும்போது அழுத்தம் குறைந்து உள்ளே ஒரு வாயுக்குழி உண்டாகிறது. 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தினர் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ.யில் ஓடும் படமாக எடுத்து, குழி தோன்றும் கணத்திலேயே ஒலி எழுவதைக் காட்டினார்கள். வாயு மறுபடி கரைய ஏறத்தாழ 20 நிமிடம் ஆகும். அதற்குள் அதே மூட்டு இரண்டாம் முறை ஒலி தராது. ஒலி வராததால் சிகிச்சை பலிக்கவில்லை என்றும், ஒலி வந்ததால் பலித்தது என்றும் கொள்ள வேண்டாம்.

இங்கேதான் 'எலும்பை இடத்தில் உட்காரவைத்தல்' என்ற தொடரோடு எனக்குப் பெரிய சண்டை. இதைச் சொன்னதும் நோயாளியின் மனத்தில் ஒரு படம் விழுகிறது: நழுவிய எலும்பு, தள்ளியதும் உட்கார்ந்தது, முடிந்தது. பால்மரின் கோட்பாடே அதுதான்; நோய்களில் 95 விழுக்காடு இடம் பெயர்ந்த முள்ளெலும்புகளால் வருவன என்று எழுதியவர் அவர். ஆனால் பிரிட்டனில் இத்தொழிலை முறைப்படுத்தும் மன்றமே 2010இல், இந்த 'நழுவல்' நோய்க்குக் காரணம் என்பதற்கு மருத்துவ ஆய்வுச் சான்று இல்லை என்று அறிவித்துவிட்டது. தள்ளலால் நடப்பது வேறு: இறுகிக் கிடந்த மூட்டு சற்று அசையத் தொடங்குகிறது, சுற்றியுள்ள தசை இளகுகிறது, வலி உணர்வு சில நேரம் மட்டுப்படுகிறது. உட்கார்ந்தது என்று நம்பியவர் இரண்டாம் நாள் வலி திரும்பியதும் "மறுபடி நழுவிவிட்டது" என்று ஓடுகிறார். தொடர்ந்து ஓடவைப்பதற்கு இதைவிட வசதியான சொல் யாருக்குக் கிடைக்கும்?

சொல் சரியாக இருந்தால் எதிர்பார்ப்பும் சரியாக இருக்கும். முதல் சந்திப்பில் கேள்விகளும் சோதனையும்தான் அதிகம்: வலி எப்போது தொடங்கியது, காலுக்கு இறங்குகிறதா, இரவில் எழுப்புகிறதா, எடை குறைந்ததா, காய்ச்சல் உண்டா, இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா. இவற்றைக் கேட்காமல் நேரே படுக்கச் சொல்கிற இடத்தில் படுக்க வேண்டாம். மற்றபடி சாதாரண முதுகுவலி எல்லாவற்றுக்கும் எக்ஸ்ரே தேவைப்படுவதில்லை.

தள்ளலுக்குப் பின் ஏறக்குறைய பாதிப்பேருக்கு அந்த இடத்தில் நோவு, விறைப்பு, சிலருக்குத் தலைவலி, அசதி வரும். நோவு என்ற சொல்லைக் கவனியுங்கள். 'சோர்னஸ்' என்பதற்குத் தமிழில் இத்தனை பொருத்தமான சொல் கையில் இருக்கும்போது புண் எதற்கு? பழகாத பாரம் தூக்கிய மறுநாள் உடம்பு நோவுமே, அதே நோவுதான். பெரும்பாலும் அன்றே தொடங்கும். ஓரிரு நாளில் போகும். குளிர் ஒத்தடமோ வெந்நீர் ஒத்தடமோ எது இதமாக இருக்கிறதோ அதைக் கொடுக்கலாம், மெதுவாக நடக்கலாம். படுத்தே கிடந்தால் விறைப்புதான் கூடும். இந்த நோவை 'நச்சு வெளியேறுகிறது' என்று விளக்கும் துண்டுப் பிரசுரங்கள் உண்டு. மூட்டில் அடைபட்டிருந்து தள்ளினால் வெளியேறும் நச்சு எதுவும் கிடையாது.

எத்தனை சிட்டிங்? (அமர்வு என்று எழுதலாம்தான்; படுத்துக்கொண்டு செய்வதை அமர்வு என்பது எனக்கு ஒட்டவில்லை. 'முறை' போதும்.) வழக்கமாக முதல் சில வாரங்கள் வாரத்துக்கு ஒன்று முதல் மூன்று முறை, பிறகு இடைவெளி கூடும். நான்கு வாரம் போல் ஆனதும் கணக்குப் பார்க்க வேண்டும்: குனிய முடிகிறதா, தூக்கம் வந்ததா, மாத்திரை குறைந்ததா. எதுவும் மாறவில்லை என்றால் இன்னும் இருபது முறைக்கு முன்பணம் கட்டுவதில் பொருள் இல்லை. திடீரென வந்த முதுகுவலி பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே தணியும் என்பதையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டி, முதுகுவலிக்கு மருந்தில்லா வழிகளில் ஒன்றாக இதையும் ஏற்றது, ஆனால் சான்றின் தரம் குறைவு என்ற குறிப்போடு. பிரிட்டனின் 2016 வழிகாட்டியோ உடற்பயிற்சியோடு சேர்த்துத்தான், தனியாக வேண்டாம் என்கிறது. ஆஸ்துமாவுக்கும் காதுத் தொற்றுக்கும் இது தீர்வு என்பவர்களை மரியாதையாகக் கடந்துபோகலாம்.

மொழிபெயர்ப்பு உயிரோடு விளையாடும் இடம் எச்சரிக்கைப் பட்டியல். சேணம் படும் இடம் மரத்துப்போவதைச் சொல்லும் ஆங்கிலத்தின் 'சேடில் அனஸ்தீசியா'வை அப்படியே பெயர்த்து, 'சேண மயக்கம் ஏற்பட்டால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும்' என்று எழுதினால் யார் போவார்? குதிரைக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்பார்கள். சொல்ல வேண்டியது இது: உட்காரும்போது இருக்கையில் படும் இடமும் தொடை உட்புறமும் மரத்துப்போனால், சிறுநீர் வராமல் நின்றால் அல்லது தானாகப் போனால், இரு கால்களும் வலுவிழந்தால், காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போகவும். கழுத்தில் செய்த பிறகு இதுவரை அறியாத கடும் கழுத்துவலி அல்லது தலைவலி, தலைச்சுற்றல், இரட்டைப் பார்வை, வாய் குழறல், விழுங்கச் சிரமம், முகம் மரத்தல் வந்தாலும் அப்படியே. கழுத்துத் தமனியின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது மிக அரிது. ஆனால் வந்தால் நேரம்தான் எல்லாம். இங்கே 'தலைச்சுற்றல்' என்று எழுத வேண்டியதை 'மயக்கம்' என்று எழுதுவதுகூடக் குற்றம். மயங்கி விழும்வரை அவர் காத்திருப்பார்.

அப்படியானால் தமிழ்ச் சொல் எது? 'கைமுறை மருத்துவம்' வேரை ஒட்டியது என்பார்கள். சர்ஜரியின் வேரும் கிரேக்கத்தில் கையும் வேலையும் சேர்ந்ததுதான். தமிழ் அதைக் கைவேலை மருத்துவம் ஆக்கவில்லை. நடப்பதைப் பார்த்து அறுவை என்றது. 'தொக்கணம்' என்று முன்மொழிபவர்களும் உண்டு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என ஒன்பது வகை கொண்ட சித்த மருத்துவ முறை அது. தனக்கென்று இலக்கணம் உள்ள ஒன்றின் பெயரை எடுத்து வேறொன்றுக்குச் சூட்டினால் இரண்டும் கெடும். வர்மத்துக்கும் இதே பதில்.

ஆனால் அந்த ஒன்பதில் கடைசியாக நிற்கும் 'அசைத்தல்' நமக்கு வழி காட்டுகிறது. மூட்டை அசைப்பது மூட்டசைப்பு. கையால் வேகமாகத் தள்ளும் அந்தச் செயலுக்கு 'மூட்டசைப்பு' என்பதே என் தேர்வு. கழுத்து மூட்டசைப்பு, முதுகு மூட்டசைப்பு என்று இடம் சேர்த்துச் சொல்லவும் வரும். உட்காரவைத்தல் என்ற பொய் வாக்குறுதி இதில் இல்லை. தொழிலின் பெயராக இதை வைக்க மாட்டேன். இயன்முறை மருத்துவரும் மூட்டசைப்பு செய்கிறார்; செயல் இருவருக்கும் பொது. தொழிலுக்குக் கைரோபிராக்டிக் என்ற ஒலிபெயர்ப்பே இருக்கட்டும். தனித்தமிழ் அன்பர்கள் கோபிப்பார்கள். குழப்பும் தமிழைவிடத் தெளிந்த இரவல் மேல் என்பது என் கட்சி.

அந்த முதல் வாக்கியத்தை இப்போது திருத்தலாம்: "மூட்டசைப்புக்குப் பின் ஓரிரு நாள் நோவு இருக்கும், மூன்றாம் நாளும் கூடிக்கொண்டே போனால் செய்தவரிடம் சொல்லுங்கள், அடுத்த முறையைத் தள்ளிவையுங்கள்."