பச்சை டிக்கை விடுங்கள், எத்தனை ஜிபி என்று பாருங்கள்

மாம்பழப் பருவம் உச்சத்தில் இருக்கும்போது கிருஷ்ணகிரி வட்டாரத்து மாங்கூழ் ஆலைகளில் யாருக்கும் உட்கார நேரம் இருக்காது. எடைமேடைக்கு வெளியே வண்டிகள் வரிசைகட்டி நிற்கும். எடை, ரகம், கழிவு, விலை, வண்டி வாடகை என்று ஒவ்வொரு லோடுக்கும் கணினியில் பதிவு ஏறிக்கொண்டே இருக்கும். அப்படி ஓர் ஆலையில் இந்தப் பருவத்தின் நடுவில் சர்வரின் டிஸ்க்குகள் அடுத்தடுத்துப் போய்விட்டன. "டேப்பில் எல்லாம் இருக்கிறது சார், தினமும் பச்சை டிக் வருகிறது" என்றார் கணினிப் பிரிவில் இருந்த தம்பி. டேப் என்பது பேக்கப், அதாவது தரவின் காப்பு நகல், எழுதி வைக்கும் காந்த நாடா. பச்சை டிக் என்பது நகலெடுப்பு முடிந்தது என்று பேக்கப் மென்பொருள் காட்டும் அடையாளம். டேப்பைப் போட்டுப் படித்தோம். டேப்பை எழுதிப் படிக்கும் கருவியான டிரைவில் குறையில்லை, டேப்பிலும் குறையில்லை. உள்ளே இருந்தது சென்ற ஆண்டின் கணக்கு. இந்த ஆண்டுக் கொள்முதல் ஒரு வரிகூட இல்லை.

நடந்தது எளிது. பருவத்துக்கு முன் இடம் போதவில்லை என்று புதிய டிஸ்க்குகள் போட்டு, தரவுத்தளத்தை அங்கே மாற்றியிருக்கிறார்கள். பழைய ஃபோல்டரை யாரும் அழிக்கவில்லை. பேக்கப் வேலை அந்தப் பழைய ஃபோல்டரையே இரவுதோறும் ஒழுங்காக டேப்பில் எழுதி, ஒழுங்காகச் சரிபார்த்து, ஒழுங்காகப் பச்சை டிக் போட்டிருக்கிறது. அறிக்கையில் அளவு என்ற கட்டம் ஒன்று உண்டு. லோடு லோடாகப் பதிவு ஏறிய நாட்களில் அந்த எண் ஒரு மெகாபைட்கூடக் கூடவில்லை. தினமும் மின்னஞ்சலில் வந்த எண்தான். ஒருவரும் படிக்கவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் என் வயிற்றெரிச்சல். போச்சம்பள்ளி, காவேரிப்பட்டணம் பக்கத்து விவசாயிகள் எடைச்சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு அலுவலக வாசலில் நின்றார்கள். கார்பன் நகலை வைத்து ஊழியர்கள் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தார்கள். மழையில் நனைந்து எழுத்து கலைந்த சீட்டோடு வந்தவருக்கு எந்த எடையைப் போடுவது, எந்த விலையைப் போடுவது? பேக்கப் என்பது ஏதோ கணினிக்காரன் சமாச்சாரம் என்று நினைக்கிற முதலாளிகள் அந்த வாசலில் ஒரு மணி நேரம் நின்றிருக்க வேண்டும்.

இது முதல் சம்பவம் என்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். ஓசூர் தொழிற்பேட்டையிலும் தருமபுரியிலும் நான் பராமரிப்புக்குப் போகும் இடங்களில் இதே கதை வேறு வேறு உருவில் வருகிறது. எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: டிக் பச்சையாக இருந்தால் பேக்கப் இருக்கிறது. இந்த நம்பிக்கையைத்தான் நான் உடைக்க வேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பச்சை டிக் சொல்வது, "நீ எதை எழுதச் சொன்னாயோ அதை எழுதிவிட்டேன்" என்பது மட்டும்தான். நீங்கள் சொன்னது சரியா என்று அதற்குத் தெரியாது. புதிதாக ஒரு சர்வர் வாங்கி அதைப் பட்டியலில் சேர்க்காவிட்டால், பழைய சர்வருக்குப் பச்சை டிக் வந்துகொண்டே இருக்கும். கணக்கு மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் கோப்புகள் பூட்டப்பட்டிருக்கும். "திறந்திருக்கும் கோப்புகளைத் தவிர்" என்று எப்போதோ யாரோ அமைத்துவிட்டுப் போயிருந்தால், உங்களுக்கு வேண்டிய ஒரே கோப்பைத் தவிர மற்ற எல்லாம் டேப்பில் இருக்கும். கணக்கு மென்பொருள்கள் பலவற்றின் அடியில் இருக்கும் எஸ்க்யூஎல் (SQL) வகைத் தரவுத்தளத்தைச் சாதாரணக் கோப்பாக நகலெடுக்க நினைப்பது வீண்வேலை. அதற்கென்று இருக்கும் முறையில் எடுத்து, அந்த நகலைத்தான் டேப்புக்கு அனுப்ப வேண்டும்.

"சரிபார்ப்பையும் போட்டுத்தானே சார் வைத்திருக்கிறோம்?" என்பார்கள். எல்டிஓ (LTO, இன்று பரவலாக இருக்கும் டேப் வகை) டிரைவ் எழுதும்போதே, பின்னால் வரும் தலையால் (டேப்பில் உரசி எழுதவும் படிக்கவும் செய்யும் பாகம்) எழுதியதைப் படித்துப் பார்த்துக்கொள்கிறது. நீங்கள் கேட்காமலே அது செய்யும் வேலை. மென்பொருளின் சரிபார்ப்பு அதற்கும் மேல் ஒரு தடவை. இரண்டும் எழுதியதைச் சரிபார்க்கும். எழுதாமல் விட்டதை எந்தச் சரிபார்ப்பும் காட்டாது.

லினக்ஸில் ஸ்கிரிப்ட் எழுதி டேப் ஓட்டுகிறவர்களுக்குத் தனியாக ஒன்று. ஒரே டிரைவுக்கு இரண்டு சாதனப் பெயர்கள் உண்டு. 'எஸ்டி0' (st0) என்று திறந்தால் வேலை முடிந்ததும் டேப் தொடக்கத்துக்குச் சுற்றிக்கொள்ளும். 'என்எஸ்டி0' (nst0) என்று திறந்தால் முடிந்த இடத்திலேயே நிற்கும். முதல் பெயரை வைத்துக்கொண்டு கணக்கு, சம்பளம், வரைபடங்கள் என்று மூன்று வேலைகளை வரிசையாக ஓட்டினால், ஒன்றின் தலையில் இன்னொன்று எழுதும். மூன்றுக்கும் பிழையில்லை என்றுதான் வரும். டேப்பில் உருப்படியாக மிஞ்சுவது கடைசி ஒன்றுதான்.

பெரிய இடங்கள் இதற்கு விலக்கு என்று எண்ண வேண்டாம். 2017 ஜனவரி 31 அன்று மென்பொருள் நிரல்களைச் சேமித்துப் பகிரும் சேவை நடத்தும் கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் முதன்மைத் தரவுத்தளத்தின் கோப்புகளைத் தவறுதலாக அழித்தார். வழக்கமான பேக்கப்பைத் தேடிப் போனபோது அங்கே ஒன்றும் இல்லை. தரவுத்தளத்தின் பதிப்புக்குப் பொருந்தாத கருவி ஓடியதால் அது தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது. தோற்றது என்று சொல்லும் மின்னஞ்சல்களும் பெறும் இடத்திலேயே நிராகரிக்கப்பட்டிருக்கின்றன. வேறொரு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு எடுத்து வைத்த நகல் ஒன்று கைகொடுத்தது. இதை அவர்களே வெளிப்படையாக எழுதினார்கள். அந்த நேர்மைக்கு என் வணக்கம்.

இனி, "இந்தக் காலத்தில் டேப்பா?" என்று கேட்பவர்களுக்கு. கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர், நெட்வொர்க்கில் எட்டும் டிஸ்க்கை எல்லாம் பூட்டும். பேக்கப் வைத்திருக்கும் டிஸ்க்கைத்தான் முதலில் தேடும். அலமாரியில் இருக்கும் டேப்பை அதால் தொட முடியாது. 2011 பிப்ரவரியில் ஒரு மென்பொருள் பிழையால் ஜிமெயிலில் ஒரு பகுதியினரின் அஞ்சல்கள் மறைந்தபோது, கூகுள் அவற்றை டேப்பிலிருந்துதான் மீட்டது. டேப் பழசு என்பது தரம் குறைந்தது என்ற பொருளில் சொல்லப்படுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஆனால் ஒரே டேப்பை டிரைவிலேயே விட்டுவிட்டு இரவுதோறும் அதன்மேலேயே எழுதுகிறீர்களே, அதற்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது. நாள், வாரம், மாதம் என்று டேப்புகளைப் பிரித்து, மாதக் கடைசி டேப்பைத் தொடாமல் வையுங்கள்.

அமைக்கும்போது வரும் தவறுகளில் பெரியது, பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஒன்றாக ஆளும் ரெய்டு கார்டிலேயே டேப் டிரைவை மாட்டுவது. கார்டில் காலியாக ஒரு துளை இருக்கிறது, கேபிளும் பொருந்துகிறது என்பதற்காக மாட்டாதீர்கள். டேப்புக்குத் தனியாக எஸ்ஏஎஸ் (SAS) ஹோஸ்ட் அடாப்டர், அதாவது டிரைவைச் சர்வரோடு இணைக்கும் தனிக் கார்டு, வாங்குங்கள். கேபிளைக் கூர்மையாக மடிக்காதீர்கள். பாதி "டிரைவ் காணவில்லை" புகார்கள் கேபிளில்தான் முடிகின்றன.

அடுத்தது வேகம். எல்டிஓ-8 (எட்டாம் தலைமுறை) முழு உயர டிரைவ் நொடிக்கு 360 மெகாபைட் எழுதக்கூடியது. உங்கள் கிகாபிட் நெட்வொர்க்கின் உச்ச வரம்பே நொடிக்கு 125 மெகாபைட். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகள் என்றால் இன்னும் கீழே. தரவு வந்து சேராதபோது டிரைவ் நின்று, பின்னால் சுற்றி, மறுபடி முன்னால் வந்து எழுதும். ஷூவுக்குப் பாலிஷ் தேய்ப்பதுபோல் டேப் தலைமேல் முன்னும் பின்னும் உரசும். டேப்பும் தேயும், தலையும் தேயும், இரவில் முடிய வேண்டிய வேலை காலை பத்து மணிக்கும் ஓடிக்கொண்டிருக்கும். எல்லா சர்வரிலிருந்தும் முதலில் ஒரு வேகமான டிஸ்க்குக்கு நகலெடுத்து, அங்கிருந்து டேப்புக்கு அனுப்புங்கள். நான் அமைக்கும் இடங்களில் இதை விட்டுக்கொடுப்பதில்லை.

பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் கொள்ளளவை நம்பித் திட்டம் போடாதீர்கள். எல்டிஓ-9 டேப்பில் 45 டெராபைட் என்று இருக்கும். உண்மையான இடம் 18 டெராபைட். மீதி, தரவு நன்றாகச் சுருங்கினால் கிடைப்பது. ஸ்கேன் செய்த பில்கள், படங்கள், கேமரா பதிவுகள் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை, மேலும் சுருங்காது. தலைமுறைக் கணக்கும் உண்டு. எல்டிஓ-7 வரை இரண்டு தலைமுறை முந்தைய டேப்பைப் படிக்கலாம். எல்டிஓ-8 டிரைவ் எல்டிஓ-6 டேப்பைப் படிக்காது. எல்டிஓ-9 டிரைவ் எல்டிஓ-7 டேப்பைப் படிக்காது. புதிய டிரைவ் வந்த மகிழ்ச்சியில் பழையதைக் காயலான் கடைக்கு அனுப்பிவிட்டு, அலமாரி நிறையப் படிக்க முடியாத டேப்புகளை வைத்திருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். புதிய எல்டிஓ-9 டேப்பை முதன்முதலாகப் போடும்போது டிரைவ் அதை அளந்து தயார்செய்ய இரண்டு மணி நேரம்வரை எடுக்கலாம். தொங்கிவிட்டது என்று மின்சாரத்தை நிறுத்தாதீர்கள், தயவுசெய்து.

பிழை வந்தால்? டேப்பை மாற்றிப் பாருங்கள். குறிப்பிட்ட ஒரு டேப்பில் மட்டும் பிழை திரும்பத் திரும்ப வந்தால் அந்த டேப்பைக் கழித்துவிடுங்கள். எந்த டேப் போட்டாலும் பிழை என்றால் டிரைவ், கேபிள், கார்டு என்ற வரிசையில் போங்கள். டிரைவில் சுத்தம் செய்யச் சொல்லும் விளக்கு எரிந்தால் மட்டும் சுத்தம் செய்யும் கேட்ரிட்ஜைப் போடுங்கள். வாராவாரம் போடுவது நல்லது என்பது தவறு. அது தலையைத் தேய்க்கிறது. ஒரு கேட்ரிட்ஜ் அதிகபட்சம் 50 முறை. அதன்பின் டிரைவே அதைத் துப்பிவிடும், விளக்கு அணையாது. உடனே டிரைவ் போய்விட்டது என்று போன் செய்கிறார்கள்.

அந்த விளக்கு அடிக்கடி எரிந்தால் அறையைப் பாருங்கள். ஓசூரில் காற்று குளிர்ச்சியாக இருக்கிறது என்று ஏசியை அணைத்துச் சர்வர் அறையின் சன்னலைத் திறந்து வைக்கிறார்கள். கிரானைட் பட்டறைகள் இருக்கும் பக்கம் அந்தச் சன்னல் வழியாக என்ன வரும் என்று நான் சொல்ல வேண்டுமா? விரலால் டிரைவின் முகப்பைத் தடவினால் வெள்ளையாக ஒட்டுகிறது. தருமபுரியில் வேறு வகை: சித்திரை வெயிலில் காரின் பின்சீட்டில் டேப், அல்லது யுபிஎஸ்ஸின் தலைமேல் டேப். நெடுநாள் வைக்கும் டேப்புக்கு 16 முதல் 25 டிகிரிக்குள் வெப்பம் வேண்டும். உறையில் போட்டு, படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள். வெளியிலிருந்து கொண்டுவந்த டேப்பை உடனே டிரைவில் போடாமல் அறையின் வெப்பத்துக்கு வரவிட்டுப் போடுங்கள்.

சர்வர் இருக்கும் அறையிலேயே எல்லா டேப்பையும் வைத்தால், தீப்பிடித்தால் இரண்டும் போகும். இதை விளக்கத் தேவையில்லை. வேறு கட்டடத்துக்கு அனுப்புங்கள். வெளியே போகும் டேப், திறவுகோல் இல்லாமல் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் (encryption) செய்யப்பட்டிருக்க வேண்டும். அதற்கான திறவுகோலை அதே சர்வரில் மட்டும் வைத்திருந்தால், சர்வர் போன நாளில் டேப்பும் வெறும் பிளாஸ்டிக். அச்சிட்டு, உறையிலிட்டு, முதலாளியின் லாக்கரில் ஒன்றும் வேறிடத்தில் ஒன்றும் வையுங்கள்.

கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கு இது விருப்பம் சார்ந்ததும் அல்ல. கணினியில் வைக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவில் இருக்கும் சர்வரில் தினந்தோறும் இருக்க வேண்டும் என்று கம்பெனிகள் கணக்கு விதிகளில் 2022 ஆகஸ்டில் திருத்தம் வந்தது. டேப் அதற்குமேல் ஒரு காவல். அதற்குப் பதில் அல்ல. கணக்குகளை எட்டு நிதியாண்டுகள் காக்க வேண்டும் என்பதும் சட்டம். எட்டு ஆண்டு காப்பது என்றால் டேப்பை மட்டும் காப்பதல்ல. அதை எழுதிய மென்பொருளையும், அதன் உரிமத்தையும், படிக்கும் டிரைவையும் சேர்த்துத்தான். விண்டோஸ் சர்வரோடு வரும் பேக்கப் கருவி 2008 பதிப்பிலேயே டேப்பைக் கைவிட்டுவிட்டது. அதற்கு முந்தைய கருவியில் எழுதிய டேப்புகள் இன்னும் சில அலமாரிகளில் தூங்குகின்றன.

மாதத்தில் ஒரு நாள் ஒதுக்குங்கள், இதைக் கெஞ்சிக் கேட்கிறேன். வெளியே அனுப்பிய டேப்பைத் திரும்ப வரவழையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில் கைவைக்காமல் வேறொரு கணினியில் தரவுத்தளத்தை மீட்டெடுங்கள். கோப்பு வந்துவிட்டது என்பதோடு எழுந்து போகாதீர்கள். கணக்குப் பார்க்கும் அம்மாவை அழைத்து உட்கார வைத்து, டேப் எழுதிய நாளின் கடைசி வவுச்சரைத் திறக்கச் சொல்லுங்கள். எத்தனை மணி நேரம் ஆனது என்று எழுதி வையுங்கள். முதலாளி கேட்கப்போகும் முதல் கேள்வி அதுதான்.

தினமும் காலையில் வரும் அறிக்கையில் மூன்று எண்களை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்: எத்தனை ஜிபி, எத்தனை கோப்புகள், எத்தனை தவிர்க்கப்பட்டன. நேற்றைவிடப் பாதியாகக் குறைந்திருந்தாலோ, வேலை நடந்த நாளில் அப்படியே அசையாமல் இருந்தாலோ, டிக் எந்த நிறமாக இருந்தாலும் அன்றைக்கே கூப்பிடுங்கள். தம்பி விடுப்பில் இருந்தால் நோட்டை யார் எழுதுவது என்பதையும் இப்போதே முடிவு செய்துவிடுங்கள்.